ஓட்டத்துக்கும் கூடுதல் வகுப்பு

என் பள்ளியில் நாற்பத்து மூன்று பிள்ளைகள். பீடோர் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பழைய ரப்பர் தோட்டத்துப் பள்ளி அது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்து வீடுகளும் காலி. பள்ளி மட்டும் மிச்சம், அதில் தலைமையாசிரியையாக நான். கல்வி இலாகாவிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் அதிலுள்ள எண்ணைத்தான் தேடுவேன். எண் குறைந்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆகவே, தஞ்சோங் மாலிம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு மாணவர் தனேஸ்வரன் வந்து, பிள்ளைகளின் உடல்தகுதியை அளக்க வேண்டும் என்றபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள். ஒலிபெருக்கி 'பீப்' என்றதும் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு ஓட வேண்டும். சத்தம் போகப்போக வேகமெடுக்கும், முடியாதவர்கள் நின்றுவிடலாம். எத்தனை ஓட்டம் ஓடினார்களோ அதுதான் மதிப்பெண். பிறகு காலை நீட்டி உட்கார்ந்து, கைவிரல் எதுவரை எட்டுகிறது என்று ஒரு பெட்டியில் அளப்பார்களாம்.

அரை மணி நேரம் திரையில் படம் காட்டி விளக்கினார். பொய் சொல்வானேன், என் காதில் விழுந்தது ஒரே வரிதான்.

"இதே சோதனைய அடுத்த செவ்வாக்கெழம மறுபடி செய்ய வாரேன், டீச்சர்."

முப்பது வருடம் ஆசிரியையாக இருந்தவளுக்கு இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? முதலில் நடப்பது மாதிரித் தேர்வு, அடுத்தது அசல் தேர்வு.

மாதிரித் தேர்வில் என் பிள்ளைகள் மானத்தை வாங்கினார்கள். நான்காம் ஆண்டு யாஷ்வினி பதினான்கு ஓட்டத்தில் நின்று, இடுப்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்டாள். பெட்டியில் பாதிப் பேரின் விரல் கால் கட்டைவிரலைத் தொடவில்லை. தனேஸ்வரன் சிரித்த முகத்தோடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே கூடுதல் வகுப்பைத் தொடங்கிவிட்டேன். ஆறாம் ஆண்டுக்கு இருந்த அரசுத் தேர்வை நீக்கியதிலிருந்து எனக்கும் கை துறுதுறுவென்றுதான் இருந்தது. சோதனை நடந்தபோதே அந்தப் 'பீப்' சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தேன். பழைய வினாத்தாள் கையில் இல்லாமல் எந்த ஆசிரியையாவது தேர்வுக்குத் தயார் செய்வாளா? பள்ளி விட்டதும் திடலில் ஓட்டம். முதலிலேயே பாய்ந்து மூச்சு வாங்காமல், சத்தத்துக்குச் சரியாக ஓடப் பழக்கினேன். கேண்டீன் புனிதா மைலோ கலக்கிக் கொடுத்தாள். அதோடு விட்டாளா, நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து வரிசையாக உட்கார வைத்துவிட்டாள்.

"முட்டியெல்லாம் துருப் புடிச்சுக் கெடக்கு டீச்சர். ரெண்டு நாள் தேய்ச்சா வளையும்லா."

அடுத்த செவ்வாய் என் பிள்ளைகள் பறந்தார்கள். யாஷ்வினி இருபத்தைந்து. நான் ஓரமாக நின்று, ஒன்றும் தெரியாதவள் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை முடிந்து கேண்டீன் மேசையில் மடிக்கணினியைத் திறந்த தனேஸ்வரனின் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. அவருக்கு வைத்த தே தாரிக் தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியது.

"என்ன தம்பி, பிள்ளைங்க நல்லாத்தானே செஞ்சாங்க?"

"அதான் பிரச்சன, டீச்சர். ஒரு வாரத்துல யாருக்கும் இப்பிடி மாறாது. ரெண்டு தடவையும் ஏறக்கொறைய ஒரே நம்பர் வந்தாத்தான் இந்த அளவுகோல நம்பலாம். மத்த ரெண்டு பள்ளியில சரியா வந்துச்சு. ரெண்டு வருஷ வேலை. வெள்ளிக்கெழம சூப்பர்வைசர்கிட்ட, இந்தச் சோதனை நம்ம பிள்ளைங்களுக்கு ஒத்து வரலன்னு சொல்லிட வேண்டியதுதான்."

சொல்லிவிட்டு ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினார். இடைப்பட்ட வாரத்தில் தனிப் பயிற்சி எதுவும் தரப்படவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்துக்குக் கோடு.

பேனாவைத் திறந்தேன். மூடினேன். கையெழுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. புனிதா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"நான்தான் தம்பி. நாலு நாள் கூடுதல் வகுப்பு வச்சேன். சனிக்கெழமயச் சேத்தா அஞ்சு."

அவர் மடிக்கணினியைப் பட்டென்று மூடினார். கோபம்தான், வரத்தானே செய்யும்.

"ஏன் டீச்சர்?"

"நாப்பத்து மூணு பிள்ளைங்க தம்பி. ஒரு காகிதத்துல எங்க நம்பர் கொறஞ்சா, இந்தப் பள்ளி எதுக்குன்னு யாராச்சும் கேட்டுருவாங்களோன்னு பயம்."

"ஆய்வுல பள்ளிப் பேரே வராது, டீச்சர். மூணாம் பள்ளின்னுதான் போடுவேன். அன்னிக்கே படம் போட்டுச் சொன்னேனே."

மைலோ, நல்லெண்ணெய், தொண்டை வறளக் கத்தியது, எல்லாம் 'மூன்றாம் பள்ளி'க்காக. புனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

கடைசியில் அவரே வழி சொன்னார். முதல் சோதனையைத் தள்ளிவிட்டு, காரணத்தையும் எழுதிவிட்டு, அடுத்த செவ்வாய் மூன்றாவது முறை நடத்துவது. இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போனால் அவர் வேலை பிழைக்கும். அவர் கண் முன்னாலேயே கைப்பேசியிலிருந்து அந்தச் சத்தத்தை அழித்தேன்.

ஆனால் வியாழக்கிழமை ஓய்வு நேரத்தில் பார்த்தால், ஒருவன் வாயாலேயே 'பீப், பீப்' என்று கத்த, மற்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். பதறிப்போய்த் தனேஸ்வரனை அழைத்தேன்.

"தம்பி, நான் ஒண்ணும் சொல்லல. தானா ஓடுறாங்க. நிறுத்தட்டா?"

"தானா ஓடுனா விடுங்க, டீச்சர். நீங்க திடல் பக்கம் போகாம இருந்தா போதும்."

மூன்றாவது செவ்வாய் நான் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். யாஷ்வினி ஓடினாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு, இருபத்தைந்து. அதோடு கால் தடுமாறி நின்றாள். தனேஸ்வரன் எண்ணைக் குறித்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவளோ மூச்சிரைக்க நேரே என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிருங்க டீச்சர். கூடல. அதேதான் வந்துச்சு."

இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதைத்தானா என்று மனது சுருக்கென்றது. அவள் முகத்தை என் சேலைத் தலைப்பால் துடைத்தேன்.

"கூட வேணாம்லா கண்ணு. அதே போதும்," என்றேன். பிறகு, ஏறாத ஓர் எண்ணுக்கு, வாழ்நாளில் முதல் தடவையாக, திடலே கேட்கும்படி கை தட்டினேன்.