வெல்லம் போன வழி

1951 ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, ராயபுரம் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்த கிருஷ்ணப்பனின் மார்பு கண்ணாடியாகிவிட்டது. கழுத்திலிருந்து தொப்புள் வரை தோல் இருந்தது, ஆனால் எதையும் மறைக்கவில்லை. தண்ணீருக்கு நின்ற பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடினார்கள். குடத்துக்காகத் திரும்பி வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். விலா எலும்புகளுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி அளவில் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்னதா என்று வியந்தவர்கள் அதன் இருபுறமும் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்கள். நுரையீரல் இரண்டும் கரிக்கட்டியாகக் கறுத்திருந்தன.

கிருஷ்ணப்பன் பதினாறு வருடமாகத் துறைமுகத்தில் கரிக்கூடை சுமப்பவன். கப்பல் கரி இறக்கி முடித்ததும் மேஸ்திரி கலீலுல்லா ஆளுக்கு ஓர் உருண்டை வெல்லம் கொடுப்பார். உள்ளே போன கரியை வெல்லம் வழித்தெடுத்து மறுநாள் காலையில் வெளியே தள்ளிவிடும் என்று துறைமுகமே நம்பியது. மேஸ்திரியும் தின்பார், அவர் யாரையும் ஏமாற்றியவர் இல்லை. அன்று சாயங்காலம் கரி ஆட்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, கிருஷ்ணப்பன் தன் உருண்டையை வாயில் போட்டான். அது தொண்டையைத் தாண்டி, நுரையீரலுக்குப் போகும் குழாயின் பின்பக்கமாக வேறொரு குழாயில் வழுக்கிக்கொண்டு இறங்கி, இரைப்பையில் விழுந்தது. கரியின் பக்கமே போகவில்லை. சோற்றுக்கு ஒரு வழி, மூச்சுக்கு ஒரு வழி, எல்லோருக்கும் அப்படித்தான் என்று, பார்க்க வந்திருந்த துறைமுக ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தேவப்பிரியம் விளக்கினார். ஒருவன் வாயிலிருந்த வெல்லத்தை அங்கேயே துப்பினான். கலீலுல்லா தன் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருசமா துன்னுகினு கீறேனே," என்றார்.

இனிமேல் கரிக்குப் போகாதே என்று மனைவி சொக்கம்மாள் அழுதாள். வேறென்ன வேலை தெரியும் என்று கேட்டு, மேலே ஒரு பனியனை மாட்டிக்கொண்டு அவன் போனான். கொஞ்ச நாளில் ஊருக்கும் பழகிவிட்டது. அவன் இருமினால் மட்டும் பக்கத்தில் இருப்பவர்கள் பனியனைப் பார்ப்பார்கள், பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மனிதர்களுக்கு எதுதான் பழகவில்லை!

தீபாவளிக் குளியலுக்குத் தன் முதுகில் எண்ணெய் தேய்த்துவிடச் சொன்னாள் சொக்கம்மாள். எண்ணெய் பட்ட இடமெல்லாம் தெளிந்துகொண்டே வந்தது. முதலில் முதுகெலும்பு தெரிந்தது, பிறகு இரண்டு பக்கமும் கரி. அவள் ஒரு நாளும் துறைமுகத்துக்குப் போனவள் இல்லை. தினமும் அவன் துணியை வாசலில் உதறித் தட்டிவிட்டுத் துவைப்பாள், அவ்வளவுதான்.

"இன்னாய்யா, கை நின்னுட்ச்சி?"

"உனுக்கும் கறுத்துக்கினு கீது."

அவள் திரும்பாமலே சொன்னாள்:

"எனுக்கு யாரும் வெல்லங்கூட குடுக்கலியே."

கிருஷ்ணப்பன் அதற்குப் பிறகு கரிக்குப் போகவில்லை. காசிமேட்டில் மீன்கூடை தூக்கினான். மற்றவர்கள் போனார்கள், வெல்லமும் கேட்டு வாங்கினார்கள். கலீலுல்லா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். சொல்லிக்கொள்ளப் போன கிருஷ்ணப்பனுக்கும் ஓர் உருண்டை கிடைத்தது. அதை அவன் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சொக்கம்மாளிடம் நீட்டினான். அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும், இருந்தும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அவன் அவள் முதுகுப்பக்கம் உட்கார்ந்து பார்த்தான். வெல்லம் கரியைத் தொடாமல் இறங்கிப் போயிற்று. இனிக்கிறதா என்று கேட்டான். இனிக்கிறது என்றாள்.