சொல் கேட்டபின் கையை விடு

கெட்டில் கொதித்து அடங்குவதற்குள் முன்னறையிலிருந்து மறுபடியும் அந்தச் சத்தம் வந்தது. "ஓ டியர்."

நோரீன் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள். கணவன் கிளிஃப் நாற்காலியில் நேராகத்தான் இருந்தான். போர்வை நழுவவில்லை, ஈரமில்லை, சன்னல் விளிம்பில் கடற்பறவையும் இல்லை. ஒன்றுமில்லாததற்கும் ஒரு ஓ டியர். திரும்பி வந்து துணியைப் பிழிந்து காயப்போட்டாள். அது கோணலாகத் தெரிந்தது. எடுத்து நேராகப் போட்டாள். நகராட்சியிலிருந்து ஆள் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது. இருக்கிற நேரத்தை எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.

பக்கவாதம் வந்து பேச்சைத் துடைத்தெடுத்துப் போனபோது கிளிஃபிடம் மூன்றே மூன்றை விட்டுவிட்டுப் போயிருந்தது. ஓ டியர், வெல் வெல், ஓய். மனைவி பெயரில்லை, மகள் பெயரில்லை, தண்ணீர் இல்லை, வலி இல்லை. அதிலும் அந்த ஓ டியர் அவன் வாயில் ஆயுளுக்கும் வந்ததில்லை. கோப்பை கவிழ்ந்தால் தேவாலயத்துப் பெண்கள் சொல்கிற சொல் அது. கிளிஃப் நாற்பது வருடம் ஹல் நகரத்தில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினவன். கோப்பை கவிழ்ந்தால் அவன் சொல்வதைக் கேட்டால் கோப்பையே வெட்கப்படும். கூட வேலை பார்த்த டெரெக் போன வாரம் வந்து பார்த்துவிட்டு, "என்னடா கிளிஃப், பாதிரியார் மாதிரி ஆயிட்ட. கெட்ட வார்த்தையெல்லாம் எவனுக்கு எழுதி வச்ச?" என்றான். "வெல் வெல்" என்றான் கிளிஃப். டெரெக் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, வாசல் கதவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

நோரீன் அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தப் பழகியிருந்தாள். ஓ டியரில் அந்த ஓவை இழுத்தால் படுக்கை நனைந்திருக்கிறது. வெட்டிச் சொன்னால் தேநீர் ஆறிப்போயிற்று. ஓய் என்றால் பறவை வந்து சன்னலைக் கொத்துகிறது. அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொன்னபோது, அவள் நோரீனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் விக்கல் மாதிரிம்மா. மூளையில வேற மூலையில கெடக்கற சத்தம், தானா வருது. எல்லாத்துக்கும் அர்த்தம் வச்சிக்காதீங்க, பின்னாடி மனசு ஒடஞ்சிடும்." அன்றிலிருந்து ஒவ்வொரு ஓ டியரும் நோரீனுக்குள் இரண்டாகப் பிளந்து விழுந்தது. ஒரு பாதி பேச்சு, ஒரு பாதி விக்கல்.

மகள் கெய்ல் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள். அப்பாவின் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டு நேரே அடுக்களைக்கு வந்தாள்.

"அம்மா, இன்னிக்காவது விடுவியா?"

"எத?"

"தெரியாத மாதிரி கேக்காத. நகராட்சி ஆள் முன்னாடி அவர் எந்திரிச்சி வாக்கரப் பிடிச்சி தானா நிக்கணும். அவ்வளவுதான். அது நடந்தா அவர் இங்க இருக்கலாம். இல்லேன்னா கடலோரத்துல இருக்கே அந்த முதியோர் விடுதி, அங்கதான். நீ ரெண்டு பஸ் மாறிப் போயி பாக்கணும்."

"அது எனக்குத் தெரியாதாடி?"

"தெரிஞ்சும் பிடிச்சி வச்சிருக்கியே. அப்பாவுக்கு நடைப் பயிற்சி குடுக்க வர்ற பையன் தெனம் சொல்றான், உங்க அம்மா கையத்தான் மொதல்ல குணப்படுத்தணும்னு."

நோரீன் சர்க்கரை டப்பாவை இடம் மாற்றி வைத்தாள். மகளுக்கு எப்படிச் சொல்வது. கல்யாணமான புதிதில் இந்த வீட்டுப் படிக்கட்டில் ஒரு துணி அலமாரியை இருவருமாக ஏற்றினார்கள். மேலே கிளிஃப், கீழே இவள். கனம் குறைந்த மாதிரி இருக்கவே இவள் கையை எடுத்துவிட்டாள். அலமாரி சரிந்து அவன் கால் நகத்தைப் பெயர்த்துவிட்டது. அவன் திட்டவில்லை. படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு, சாரத்தில் முதல் நாள் சொல்லித் தருகிறதை இவளுக்குச் சொல்லித் தந்தான். கீழே இருக்கிறவன் சாரத்துக்கான இரும்புக் குழாயை மேலே நீட்டுகிறான். மேலே இருக்கிறவன் பிடிக்கிறான். பிடித்துவிட்டான் என்று கண்ணுக்குத் தெரியும், கைக்கும் தெரியும். ஆனாலும் விடக்கூடாது. மேலிருந்து "ரைட்டோ" என்று வரவேண்டும். காற்று சுழற்றி அடிக்கிற இடத்தில் கண்ணையும் நம்பாதே, கையையும் நம்பாதே, சொல்லை நம்பு. "சொல்லு கேக்காம கைய விட்டவன் சாரத்துல இருக்க மாட்டான், நோரீன்."

அதற்குப் பிறகு மேசை, கட்டில், பிள்ளையின் தொட்டில், ஈரப் போர்வையின் இரண்டு முனை, எதைக் கைமாற்றினாலும் அந்த வீட்டில் ரைட்டோ கேட்காமல் யாரும் விட்டதில்லை. இப்போது தூக்கி நிறுத்துவது அவனையே. நின்றவன் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்கிறான். அது அவனிடம் மிஞ்சிய மூன்றில் இல்லை. இல்லாத சொல்லுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறோம் என்று அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. கை கேட்டால்தானே.

நகராட்சி அம்மாளின் பெயர் மிஸஸ் பிக்கரிங். நல்ல மாதிரிதான். ஈரக் காலணியை வாசலிலேயே கழற்றினாள், தேநீரை மறுக்காமல் குடித்தாள். கிளிஃபின் முன்னால் குனிந்து, "உங்களுக்கு வீட்லயே இருக்கணும்னு ஆசையா, கிளிஃப்?" என்று கேட்டாள்.

"ஓ டியர்" என்றான் கிளிஃப்.

அந்த அம்மாள் கெய்லைப் பார்த்தாள். கெய்ல் தரையைப் பார்த்தாள்.

"பரவால்ல. நின்னு காட்டட்டும். எந்திரிக்கறதுக்கு ஒருத்தர் கை குடுக்கலாம். அப்புறம் விட்டுடணும்."

நோரீன் அவனுடைய செத்த பக்கம் போய் நின்றாள். முழங்கைக்குக் கீழே ஒரு கை, இடுப்பு வாரில் ஒரு கை. மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். அவன் எழுந்தான். நல்ல கை வாக்கரைத் தேடிப் பிடித்தது. முட்டி நடுங்கியது, பிறகு நின்றது.

"விடும்மா" என்றாள் கெய்ல்.

நோரீன் விடவில்லை.

"கண்ணு, நீங்க பிடிச்சிட்டிருந்தா அவர் நிக்கறார்னு நான் சொல்ல முடியாது" என்றாள் மிஸஸ் பிக்கரிங். குரலில் கடுமையில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஓ டியர்" என்றான் கிளிஃப்.

"பயப்படறாரு. உக்கார வச்சிடலாம்மா, போதும்." கெய்ல் நாற்காலியை அருகே இழுத்தாள்.

"இரு" என்றாள் நோரீன்.

அவளுக்கு அது பயமாகக் கேட்கவில்லை. இழுவை இல்லை, வெட்டும் இல்லை. ஓவில் காலை ஊன்றி, டியரில் பலகையை மிதித்துப் பார்க்கிற மாதிரி ஒரு அழுத்தம். இந்த ராகத்தை எங்கே கேட்டோம்? படிக்கட்டின் மேலிருந்து. கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து. போர்வையின் மறுமுனையிலிருந்து. சொல் வேறு, ராகம் அந்த ரைட்டோதான். அதுவேதானா? வேண்டுமென்று நினைக்கிற காதுக்கு எந்தச் சத்தமும் வேண்டியதைத்தானே சொல்லும். விக்கல் மாதிரிம்மா. மனசு ஒடஞ்சிடும். இப்போது உடையப்போவது மனசு மட்டுமில்லை. விழுந்தால் இடுப்பெலும்பு, அதன்பின் கடலோர விடுதிகூட இல்லை.

"கிளிஃப்." அவள் அவன் காதருகில், வேறு யாருக்கும் கேட்காதபடி கேட்டாள். "பிடிச்சிட்டியா?"

"ஓ டியர்."

இந்த முறை கொஞ்சம் பொறுமையில்லாமல் வந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கிறவன், கீழே இருக்கிறவன் செவிடோ என்று இரண்டாம் தடவை கத்துவானே, அப்படி.

சன்னல் விளிம்பில் கடற்பறவை வந்து இறங்கிக் கண்ணாடியைக் கொத்தியது. தினமும் ஓய் என்று விரட்டுகிறவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாக்கரைப் பிடித்த கையின் விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. கண் எதிர்ச் சுவருக்கு மேலே எங்கேயோ, அடுத்த குழாய் வரவேண்டிய உயரத்தில் நின்றது. நோரீன் அவனுடைய இடுப்பு வாரிலிருந்து முதலில் சுண்டுவிரலை எடுத்தாள்.