மேட்னிக்கு முன்னால்

காலையில் வந்ததும் முதல் வேலையாக பார்மலின் பாட்டிலில் லேபிள் ஒட்டினேன். ‘குண்டுக்கரிச்சான், ஆண், மூளை, 14.3.1983.’ பாட்டிலுக்குள் மருந்துத் தண்ணீர் மட்டும்தான். மூளை இன்னும் குருவியின் தலைக்குள் இருந்தது. குருவியோ ஜன்னலோரக் கூண்டில் வாலைத் தூக்கிக்கொண்டு, நான் போட்ட கரப்பானைத் தின்றுகொண்டிருந்தது. அரியலூரில் இந்தக் கல்லூரி விலங்கியல் லேபில் பதினோரு வருஷமாக அட்டெண்டர் நான். தவளை, எலி, புறா என்று எத்தனையோ அறுத்துக் கொடுத்திருக்கிறேன், கை கூசியதில்லை. இந்தச் சனியனுக்கு நாலு மாசம் தீனி போட்டதுதான் தப்பு.

லெக்சரர் காசிநாதன் சாருக்கு எட்டு வருஷமாக டாக்டர் பட்டம் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. குருவியின் மூளைக்குள் பாட்டு எங்கே இருக்கிறது என்பது அவர் ஆராய்ச்சி. “அறுத்தா செத்த மூளைதான் கெடைக்கும். உசுரோட இருக்கிற மூளைய எப்படிப் பாக்கிறது?” என்று புலம்புவார். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்பு வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டிப் போகுமாம், ரத்தம் கூடினால் அந்த வெளிச்சம் மாறுமாம். எங்கோ படித்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது எனக்கு ஏழரை. திருச்சியிலிருக்கும் அவருடைய கைடு கடைசிக் கெடு வைத்துவிட்டார். இன்று நாலு மணிக்கு வருவார். ஒழுங்கான ரீடிங் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டிலில் மூளை இருக்க வேண்டும்.

ரீடிங் எடுக்கச் சாரே ஒரு கருவி கட்டியிருந்தார். பல்புக்கு முன்னால், அந்தச் சிவப்பை மட்டும் விடுவதற்கு, கலர்ப் படத்தின் கருத்துப்போன பிலிம் துண்டுகள். எதிர்ப்பக்கம், சினிமாக் கொட்டகை புரொஜெக்டரில் பிலிம் வழியாக வரும் வெளிச்சத்தை வாங்கிச் சத்தமாக்குகிற கண்ணாடிக் குமிழ். அதிலிருந்து ஒரு மீட்டருக்குக் கம்பி. குமிழைக் கொடுத்தவன் ஆபரேட்டர் உத்திராபதி. “அண்ணே, ரெண்டு மணிக்கெல்லாம் வந்துருவேன். இது இல்லேன்னா மேட்னி ஊமைப்படமாயிடும். சனங்க நாற்காலிய ஒடைச்சிருவாங்க.”

குருவியைத் துணியில் சுற்றி, வெளிச்சம் போய்வர இரண்டு ஓட்டை போட்ட கறுப்புக் குல்லாயைத் தலைக்கு மாட்டி, அலகை வெளியே விட்டு, பல்புக்கும் குமிழுக்கும் நடுவில் வைத்தோம். அது பாட வேண்டும், முள் அசைய வேண்டும். ஒரு மணி வரைக்கும் இரண்டும் நடக்கவில்லை. கட்டிப்போட்டுப் பாடு என்றால் எவன் பாடுவான்? சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“முடியல கருப்பண்ணன். கத்தியக் கழுவி வையிங்க.”

எனக்கும் அலுத்துவிட்டது. தொட்டியில் கத்தியைக் கழுவும்போது பழக்கதோஷத்தில் வாய் தானாக விசிலடித்தது. தினமும் தீனி போடும்போது அடிக்கிற விசில்தான். அதன் பாட்டையே கேட்டுக் கேட்டுப் பிடித்தது.

“நிறுத்தாதீங்க!” என்று சார் கத்தினார்.

திரும்பினேன். அலகு மூடித்தான் இருந்தது. முள் இரண்டு கோடு தள்ளி நின்றது. நிறுத்தினேன், பழைய இடத்துக்கு வந்தது. அடித்தேன், மறுபடி நகர்ந்தது.

“பாடலியே சார்?”

“பாடல. கேக்குதய்யா! நீங்க அடிக்கிறதக் கேக்குது.”

பெற்ற பிள்ளைகள்கூட என் பேச்சை இப்படிக் காதில் வாங்கியதில்லை. சார் இரண்டு ரீடிங் எழுதினார். மூன்றாவதற்குள் உத்திராபதி வாசலில் நின்றான்.

“அஞ்சு நிமிஷம்ப்பா.”

“டிக்கெட் குடுத்தாச்சு சார், கோவிச்சுக்காதீங்க.” குமிழைக் கழற்றித் துண்டில் பொதிந்துகொண்டு சைக்கிளில் போய்விட்டான்.

குருவியைக் கூண்டில் விட்டேன். “ரெண்டு ரீடிங் போதுங்களா சார்?”

“அட்டெண்டர் விசிலடிச்சாரு, முள்ளு ஆடுச்சுன்னா கைடு சிரிப்பாரு.”

நாலு மணிக்குக் கீழே கார் வந்து நின்றது. சார் தட்டிலிருந்த கத்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் தட்டின்மேல் கையை வைத்தேன்.

“இது மட்டும் என்னால ஆகாதுங்க சார்.” பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்கிறேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது.

அவர் பாட்டிலை எடுத்தார், லேபிளைப் படித்தார், மூடியைத் திருகி மருந்து முழுவதையும் தொட்டியில் ஊற்றினார். நெடி குப்பென்று ஏறியது. இருவருக்கும் கண்ணில் தண்ணீர். மாடிப்படியில் ஷூ சத்தம் ஏறி வந்தது.

“விசிலடிங்க” என்றார்.

வாய் உலர்ந்து முதலில் காற்றுதான் வந்தது. உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடி அடித்தேன். கம்பி கழற்றிய மீட்டரில் முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. கூண்டுக்குள் குருவி தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்தது.