ஒருத்திக்காகவா இந்தக் கூத்து?

நெப்ராஸ்காவில் எங்கள் ஊரைச் சுற்றிப் பாதி வங்கிகள் ஆல்டன் விக்ஸ்ட்ரோம் கட்டியவை. எங்கள் கட்டிடக்கலைக் கல்லூரிக்கு டீனும் அவர்தான். வரைபடத்தைச் சுவரில் மாட்டியதும் "ம், நட" என்பார். நாங்கள் ஆள்காட்டி விரலை வாசலில் வைத்துக் கட்டிடம் முழுக்க நடந்து காட்ட வேண்டும். விரல் தூணில் முட்டியதோ, தொலைந்தோம். மனுஷன் வாய் அப்படி.

1958-இல் கல்லூரிக்கே புதுக் கட்டிடம் வரைந்தார். வாழ்நாள் ஆசை. ஒதுக்கிய பரப்புக்கு மேல் ஓரடிகூடக் கூடாது என்று நிர்வாகக் குழு கறாராகச் சொல்லிவிட்டது. அவர்கள் மாட்டோம் என்றால் ஓய்வுபெறும் முன் இன்னொரு வாய்ப்புக் கிடையாது. குழு ஓட்டுப் போடும் கூட்டத்துக்கு முந்தின நாள் அந்தப் படத்தை எங்கள் முன்னால் மாட்டினார்.

"கிழிங்கப்பா, பார்ப்போம்."

பயல்கள் எல்லாம் ஆஹா ஓஹோ என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் நடக்கட்டுமா சார்?"

"வாம்மா ராபர்ட்டா, நட."

வாசல், வரைகூடம், காபி மேஜை. "காபி குடிச்சாச்சு சார். இப்போ அவசரம்."

"மாடிப்படிக்குப் பக்கத்துல பாரு."

"அது ஆம்பளைங்களுக்கு."

விரலைக் கட்டிடத்துக்கு வெளியே இழுத்து, தெருவைத் தாண்டி, நூலகத்தில் நிறுத்தினேன். "கொட்டுற பனியிலயும் நான் இப்படித்தான் சார் போறேன்."

பயல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்துவிட்டது. பிளேடை எடுத்து, மையைச் சுரண்டி, டீன் அறையையே பெண்கள் கழிப்பறை ஆக்கினார்.

மறுநாள் வணிகர் சங்க மாளிகையில் கூட்டம். படத்தைப் பிடித்துக்கொள்ள என்னையும் அழைத்துப் போனார். குழுத் தலைவர் ஹவுசர், தீவன வியாபாரி.

"உங்க ரூம் எங்கய்யா?"

"பசங்களோட ஒரு மேஜை போட்டுக்குவேன்."

"காலேஜ்ல எத்தனை பொண்ணுங்க?"

"இவ ஒருத்திதான்."

"ஒருத்திக்காகவா இந்தக் கூத்து? அழிச்சுட்டு வாங்க, ஓட்டுப் போடுறோம்."

"இதைச் செய்யாததாலதான் ஹவுசர், ஒருத்தியோட நிக்குது. அழிக்க மாட்டேன். வேணாம்னா கட்டிடமே வேணாம்." படத்தைச் சுருட்டத் தொடங்கினார். ஐயோ, என்னால் இவர் கனவு போச்சே!

"அட, விரிங்கய்யா" என்றார் ஹவுசர் எரிச்சலோடு. தூக்கிய கைகளை எண்ணினார்கள். ஒரே ஓட்டு வித்தியாசத்தில் கட்டிடம் தப்பியது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழுவேனா? முகம் கழுவ ஓர் இடம் தேடி வெளியே ஓடினேன். அந்த மாளிகை முழுக்க அலைந்தேன். பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை.