இன்று பள்ளி உண்டு

விடிவதற்குள் மார்லிஸ் இரண்டாவது முறையாக ஊரைச் சுற்றி வந்துவிட்டாள். பனி கொட்டிய நாட்களில் சாலைகளில் கார் ஓட்டிப் பார்த்து, பள்ளி உண்டா இல்லையா என்று சொல்வது தலைமையாசிரியையான அவள் வேலை. ஓடைப் பாலத்தருகே கார் வழுக்கி வேலியில் முட்டப் பார்த்தது. வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே போனை எடுத்து லீவு என்று சொல்லியிருப்பாள்.

ஆனால் பகலில் பள்ளி இல்லையென்றால் மாலையில் ஆட்டமும் கிடையாது. அந்த விதியை யாரும் மீறியதில்லை. இன்று இந்தப் பருவத்தின் கடைசிக் கூடைப்பந்து ஆட்டம். கல்லூரிப் பயிற்சியாளர் ஒருவர் அவள் மகன் ரீடைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் ரீடின் படிப்புச் செலவைக் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் ஊர்க்கோடித் தானியக் கிடங்கில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

பேருந்துக் கொட்டகையில் வெண்டல் எஞ்சினைச் சூடேற்றிக்கொண்டிருந்தார். மார்லிஸ் இங்கே படித்த காலத்தில் அவளையும் ஏற்றி இறக்கியவர்.

"ஏம்மா, பாலத்துப் பக்கம் போய்ப் பாத்தியா? கண்ணாடி மாதிரி கெடக்கு."

"பாத்தேன். கொஞ்சம் லேட்டா ஆரம்பிப்போம். வெயில் வந்தா எளகிடும்."

"வெயிலா? மேல பாத்துட்டுத்தான் பேசுறியா?"

அவள் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"ரீட் ஆடுறத பாக்கணும்னு எனக்குந்தான் ஆசை," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "சரி, நீ சொன்னா வண்டிய எடுக்குறேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. அது அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தும், இன்று பள்ளி உண்டு, தாமதமாகத் தொடங்கும் என்று ஊர் முழுக்கச் செய்தி அனுப்பிவிட்டாள்.

மற்ற பேருந்துகளெல்லாம் வந்து சேர்ந்தன. வெண்டலுடையதை மட்டும் காணோம். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் வெறும் கரகரப்பு. மார்லிஸ் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடையாய் நடந்தாள். காப்பியை ஊற்றினாள், குடிக்க மறந்து இன்னொரு கோப்பையிலும் ஊற்றினாள். ஊரார் பிள்ளைகளைப் பணயம் வைத்த பாவி நீ என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் பேருந்து வந்தது, ஒரு டிராக்டருக்குப் பின்னால் சங்கிலியில். பையன்கள் ஆரவாரத்தோடு குதித்தார்கள்.

"பாலத்துக்கிட்ட பள்ளத்துல எறங்கிட்டோம் மேடம்! செம ஜாலி!"

அவர்களுக்குப் பின்னால் ஒரு மாணவி உதட்டில் கம்பளித் துண்டை அழுத்தியபடி இறங்கினாள். துண்டு சிவந்திருந்தது. வெண்டல் அவளைத் தாங்கி அலுவலகத்துக்குள் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். மார்லிஸ் மருந்துப் பெட்டியைத் திறக்கும்போதே போன் அடித்தது.

கல்லூரிப் பயிற்சியாளர்.

"மன்னிச்சுக்கங்க, இன்னைக்கு வர முடியல. பனியினால எங்க காலேஜையே மூடிட்டாங்க. இந்த ரோட்டுல எவன் வண்டி எடுப்பான், சொல்லுங்க? உங்க ஊர்லயும் லீவுதானே?"

"இல்ல," என்றாள் மார்லிஸ். "எங்களுக்கு ஸ்கூல் இருக்கு."

போனை வைத்தபோது வாசலில் ரீட், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். "அம்மா, அவரா பேசுனாரு? கெளம்பிட்டாராமா?"

அவள் பதில் சொல்வதற்குள், ஆறிப்போன காப்பிக்குப் பக்கத்தில் வெண்டல் பேருந்துச் சாவியை வைத்தார்.

"சாயங்காலம் பிள்ளைங்கள வீட்டுக்கு நீயே கொண்டுபோய் விட்டுடும்மா."