கொம்பு சுமந்த கொழுந்தன்

பையின் கனம் குறையட்டும் என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைக்கூட அறுத்தெறிந்துவிட்டு மலைக்கு வந்தவனை ரோண்டா அதுவரை பார்த்ததில்லை. பார்க்க நேர்ந்தது, அதுவும் சொந்தக் கொழுந்தனிடம்.

கணவன் வேய்னுக்கு முதுகில் அறுவை சிகிச்சை. வீட்டு உறைபெட்டியில் காற்றுதான் இருந்தது. ஒரு எல்க் மான் விழுந்தால் பிள்ளைகளுக்குப் பனிக்காலம் முழுக்கக் கறி, இல்லையென்றால் பீன்ஸ்தான். அதற்காகத்தான் இந்தக் கொழுந்தன் ட்ராயோடு வேட்டைக்கு வரச் சம்மதித்தாள்.

பாதை தொடங்கும் இடத்திலேயே அவன் ஆரம்பித்தான்.

"என்ன அண்ணி, வீட்டையே கட்டித் தூக்கிட்டு வந்துட்டீங்க? என் பையப் பாருங்க, சுண்டுவிரல்ல தூக்கலாம்."

"தூக்கிக்கோ. பாப்போம்."

அன்று மாலையே அந்தப் பையின் வண்டவாளம் வெளியே வந்தது. காபி அவளுடையது, உப்பு அவளுடையது, அடுப்பு எரிந்ததும் அவள் எரிவாயுவில். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று உட்கார்ந்து தின்றுவிட்டு, கனமில்லாமல் நடப்பது எப்படி என்று அவளுக்கே பாடம் எடுத்தான். அடுத்தவர் முதுகில் வைத்தால் யாருக்குத்தான் கனம் தெரியும்?

மறுநாள் காலை பள்ளத்தின் அடியில் ஒரு பெரிய கிடா நின்றது.

"சுடாத. மேல ஏறி வரட்டும். அங்க விழுந்தா தூக்க முடியாது," என்று அவள் கிசுகிசுத்தாள்.

சுட்டான். விழுந்தது. மான் அவனுடைய வேட்டை அனுமதிச்சீட்டின் கணக்கில் போனது. வேலை இவள் தலையில் விழுந்தது. வெயில் ஏறுவதற்குள் தோலுரித்து, கால் காலாக அறுத்தாள். அவன் கொம்போடு படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"கறி சுத்துற துணிப்பையைக் கொடு."

"கொண்டு வரல அண்ணி. கனம்னு விட்டுட்டேன்."

"மரத்துல கட்டக் கயிறு?"

"அதுவும்தான்."

ரோண்டாவுக்கு அவனை அந்தப் பள்ளத்திலேயே விட்டுவிட்டுப் போகலாம் போலிருந்தது. தன்னிடம் இருந்த பைகள் போதாமல் மாற்றுச் சட்டையையும் கிழித்துச் சுற்றினாள். ஒரு பின்னங்காலை அவன் பையில் வைத்ததும் அதன் தோள்வார் டர்ரென்று பிய்ந்தது.

"நான் கொம்பை எடுத்துட்டுக் கீழ போறேன். கறி சுமக்க ஒரு குதிரைக்காரனக் கூட்டிட்டு வந்துடறேன்," என்றான்.

"கறி கடைசித் துண்டு வரைக்கும் இறங்கின பிறகுதான் கொம்பைத் தொடுவாங்க. உங்க அப்பா சொல்லித் தரலையா?"

"பையில வேற எதுவும் நிக்காதே அண்ணி."

கொம்பைத் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான். குதிரையும் வரவில்லை, குதிரைக்காரனும் வரவில்லை. முதல் சுமையோடு அவள் இறங்கியபோது தன் வண்டிப் பக்கத்தில் அவன் வண்டியையே காணோம். இரண்டு நாளாக மறுபடி ஏறினாள், இறங்கினாள், ஏறினாள். முழங்கால் வீங்கியது. ஓடையோரம் நிழலில் வைத்திருந்ததில் ஒரு முன்னங்கால் நாறிப்போய் ஈ மொய்த்துக் கிடந்ததைப் பார்த்தபோது, பாறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிள்ளைகளின் சோறு அது.

கடைசிச் சுமையோடு இறங்கியபோது ட்ராய் நின்றுகொண்டிருந்தான், முகம் மழித்து, சலவைச் சட்டையில். அவன் வண்டியில் ஒரு பெரிய ஐஸ்பெட்டி காலியாக வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"குதிரைக்காரன் போனே எடுக்கல அண்ணி. சரி, பாதி பாதிதானே?"

ரோண்டா சுமையைத் தன் வண்டியில் இறக்கி, கதவைச் சாத்தினாள்.

"சுமந்தது அவங்கவங்க பங்கு. உன் பங்கை நீ அன்னைக்கே எடுத்துட்டுப் போயிட்ட."

"மான் என் சீட்டுல விழுந்தது. சட்டப்படி பாத்தா..."

"வன அதிகாரியக் கூப்பிடு, நானும் நிக்கிறேன். கறிய மலையில போட்டுட்டுக் கொம்போட ஓடினவன் யாருன்னு நானே சொல்றேன். அதுக்கும் சட்டத்துல தண்டனை இருக்கு."

அவன் கெஞ்சுகிற குரலில், "வீட்டுல நிறைய கறி வரும்னு சொல்லி வெச்சிருக்கேன். இப்ப என்ன சொல்றது?" என்றான்.

ரோண்டா வண்டியைக் கிளப்பினாள்.

"கொம்புல குழம்பு வெக்கச் சொல்லு. பெரிய கொம்பு, வேக நேரமாகும்."