நான் வைத்த கமா

1

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனி ஊழியர்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அன்று நிபந்தனை வாக்கியங்கள். ‘இஃப்’ பகுதி முன்னால் வந்தால் அது முடிந்ததும் கமா. பின்னால் வந்தால் வேண்டாம். பெரிய வித்தை ஒன்றுமில்லை. வகுப்பு முடிந்ததும் தேவிப்பிரியா ஒரு தாளை நீட்டினாள்.

“கமா மட்டும் பாத்துச் சொல்லுங்க சார்.”

‘எங்கள் மெர்ச்சண்டைசர் உங்கள் ஒப்புதலுக்குக் காத்திருந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது.’ ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். சிவப்பு மையில் கமா வைத்தேன். பக்கத்தில் ‘வெரி குட்’ வேறு.

(மெர்ச்சண்டைசர் என்பவர் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று மெயில் எழுதுகிறவர். அந்தக் கம்பெனியில் அது தேவிப்பிரியாதான். ‘மெர்ச்சண்டைசர் யார்’ என்று நான் கேட்கவே இல்லை.)

2

தொடக்கம் ஒன்று: ‘சேவூரின் சோளக்காடுகளில் பனி இறங்கிய அந்த...’ வேண்டாம். அவள் சேவூரிலிருந்து ஸ்கூட்டியில் பறந்து வருகிறவள், காட்டைப் பார்க்க நேரமேது?

தொடக்கம் இரண்டு: ‘பாவம், தேவிப்பிரியா...’ இதுவும் வேண்டாம். படித்தால் சண்டைக்கு வருவாள்.

நடந்ததையே சொல்கிறேன். மறுநாள் காலையில் அவளே தேடி வந்து சொன்னது. புது பையரின் முதல் ஆர்டர். சாயமேற்றிய துணியின் மாதிரி அவர்களுக்குப் போயிருந்தது, பதில் வரவில்லை. ஆடி பிறக்க இரண்டே நாள். முதலாளி செல்வக்குமார் புது ஆர்டருக்கு ஆடியில் துணியில் கத்தி வைக்கமாட்டார்.

“ஷேடு இன்னும் ஓகே ஆகலீங்க சார். பொறுக்கலாமுங்க.”

“அதெல்லாம் வந்துரும் கண்ணு. நல்ல நேரம் போனா வருமா?”

அவள் விடவில்லை. ‘ஒப்புதல் வந்தால் வெட்டலாம் சார்’ என்று அவருக்கு மெயிலும் போட்டாள். கட்டிங் மேஜையில் கற்பூரம் எரிந்தது. முதல் வெட்டை அவரே போட்டார். நான்காம் நாள் பையரின் பதில் வந்தது: இந்தப் பச்சை எங்கள் பச்சை இல்லை.

3

[செல்வக்குமாரை வில்லனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. செக்கிங் மேஜையில் குறை பார்த்து நின்றவளை மெயில் எழுதும் நாற்காலியில் உட்காரவைத்தவர் அவர்தான். அதற்காக அவள் தலையையே கேட்பதா?]

“தப்ப உன்ற பேருல போட்டு எழுதிரு கண்ணு. என்ற பேரு கெட்டா பையரே போயிருவான்.”

“என்ற பேரு கெட்டா எந்தக் கம்பெனியிலீங்க சார் என்னைச் சேத்துக்குவாங்க?”

மறுநாள் மாலைக்குள் மெயில் போகவேண்டும் என்றார் அவர்.

4

அந்தத் தாளை என் மேஜைமேல் வைத்தாள்.

“கமா சரிங்க சார். மீதியெல்லாம் பொய்யுங்க.”

முடிவு ஒன்று: அனுப்பிவிடுகிறாள், பேர் போகிறது. முடிவு இரண்டு: முதலாளி மனம் மாறி, கண்கலங்கி... சீ. அப்படி எழுத எனக்குக் கை வராது.

நான் எழுதப்போவது இவ்வளவுதான். அவள் அந்த வாக்கியத்தை முழுதாக அழிக்கிறாள், என் கமாவோடு சேர்த்து. ‘உங்கள் ஒப்புதல் வருமுன்பே வெட்டினோம். அது நிர்வாகத்தின் முடிவு. காத்திருக்கச் சொல்லி நான் எழுதியது இத்துடன் இணைப்பில்’ என்று தட்டுகிறாள். செல்வக்குமார் பின்னால் வந்து நிற்கிறார்.

“அனுப்பீராத கண்ணு.”

“அனுப்பிட்டனுங்க சார்.”

பிறகு வேலை இருந்ததா, போனதா? அந்த முடிவை உங்களிடம் விடுகிறேன், எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ‘அவள் காத்திருந்திருந்தால்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவள் காத்திருந்தாள்.